டிஸ்ட்ரிபூட்டர் தேடிப் போன கதை

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம். அம்மாவைத் திருவாரூரில் டாக்டரிடம் காட்டிவிட்டு நாகப்பட்டினம் திரும்பி வந்துகொண்டிருந்தோம். நல்ல மழை. எங்கள் அம்பாசிடர் சிக்கலில் நின்றுவிட்டது. ஊர்ப் பெயரே சிக்கல் என்பதால் இதை எப்படி எழுதினாலும் நக்கல் மாதிரிதான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் இரண்டு தடவை இருமியது, பிறகு ஒரு உதறல், அதோடு சரி. ஒன்றேகால் மணி நேரம் இருட்டில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம். அம்மா ஒன்றும் பேசவில்லை. ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "தைக்குள்ள சரி பண்ணு. இல்லன்னா வித்துடு. உங்க அப்பா இருந்தவரைக்கும் அது ஒரு நாள் ரோட்டுல நின்னதில்ல."

1972 மாடல் மார்க் 2, பெட்ரோல் வண்டி. அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. வீட்டில் அவருடையது என்று அப்படியே மிச்சம் இருப்பது அந்த வண்டி மட்டும்தான்.

மறுநாள் வண்டியைக் கட்டி இழுத்து நாகூரில் இருக்கும் மெக்கானிக் பாயிடம் விட்டேன். எழுபத்தைந்து வயது தாண்டியவர். டிஸ்ட்ரிபூட்டர் கேப்பைக் கழற்றி, ரோட்டரை எடுத்துவிட்டு, நடுவில் இருக்கும் ஷாஃப்ட்டை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிக் காட்டினார். ஆடுகிற பல் மாதிரி ஆடியது. "புஷ்ஷு போச்சு தம்பி. பாயிண்ட்டு கேப்பு எப்படி நிக்கும்? மழை ஒரு சாக்கு, அவ்ளோதான். வேற டிஸ்ட்ரிபூட்டர் பாருங்க."

பாருங்க என்று அவர் சொல்லிவிட்டார். பார்க்க ஆரம்பித்த பிறகுதான், இது கடைக்குப் போய் வாங்குகிற சமாச்சாரம் மட்டும் இல்லை என்று புரிந்தது. "ஒரிஜினல் வேணுமா, டூப்ளிகேட் வேணுமா, எலக்ட்ரானிக் வேணுமா" என்று கடைக்காரர் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல, அந்த 'ஒரிஜினல்' எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டியிருந்தது. அந்தத் தேடலில் எடுத்த குறிப்புகள்தான் இவை.

முதலில், இந்தச் சாமான் என்ன செய்கிறது என்று தெரியாதவர்களுக்கு. பெட்ரோல் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் சரியான நேரத்தில் ஒரு பொறி வேண்டும். பேட்டரியில் இருப்பதோ 12 வோல்ட். காயிலுக்குப் போகும் கரண்டைச் சட்டென்று துண்டித்தால், காயிலின் இன்னொரு சுற்றில் ஆயிரக்கணக்கான வோல்ட் எழும்பும். துண்டிக்கும் வேலையைச் செய்வது பாயிண்ட். துண்டிக்கும்போது பாயிண்ட்டே கருகிவிடாமல் காப்பது கண்டென்சர். எழும்பிய மின்சாரத்தை 1-3-4-2 என்ற வரிசையில் பிளக்குகளுக்குப் பங்கு போடுவது ரோட்டரும் கேப்பும். எல்லாம் சேர்ந்து ஒரு டம்ளர் அளவு டப்பாவுக்குள். எஞ்சின் நிமிஷத்துக்கு 3000 சுற்று சுற்றினால், நாலு சிலிண்டர் வண்டியில் நொடிக்கு 100 பொறி. பாயிண்ட் திறக்கும் இடைவெளி 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர். ஷாஃப்ட் ஆடினால் இந்த இடைவெளி ஒவ்வொரு பொறிக்கும் ஒவ்வொரு மாதிரி ஆகிவிடும். சிக்கலில் நடந்தது அதுதான்.

இந்த ஏற்பாட்டை இன்று நாம் பார்க்கும் உருவத்துக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவின் சார்லஸ் கெட்டரிங். 1910 மாடல் காடிலாக் கார்களில் அவருடைய பேட்டரி இக்னிஷன் வந்தது. அவருடைய கம்பெனியின் சுருக்கப் பெயர் டெல்கோ. இன்றைக்கும் ஸ்பெயினில் டிஸ்ட்ரிபூட்டருக்கு 'டெல்கோ' என்றுதான் பெயர், நம்மூரில் வனஸ்பதி எல்லாம் டால்டா ஆன மாதிரி.

பிரிட்டனில் அந்த இடத்தைப் பிடித்தது லூகாஸ். ஜோசப் லூகாஸ் என்பவர் 1860களில் பர்மிங்காம் தெருக்களில் தள்ளுவண்டியில் விளக்கெண்ணெய் (ஆமணக்கு இல்லை, விளக்கு எரிக்கும் எண்ணெய்) விற்றவர். பிறகு சைக்கிள் விளக்கு, பிறகு கார் விளக்கு, டைனமோ, ஸ்டார்ட்டர். 1926-ல் சி.ஏ.வி., ரோட்டாக்ஸ் என்ற இரண்டு போட்டிக் கம்பெனிகளையும் வாங்கிப் போட்டுக்கொண்டது. ஒரு கட்டத்தில் பிரிட்டிஷ் கார் என்றால் அதன் கரண்ட் சமாச்சாரம் லூகாஸ் என்றாகிவிட்டது. 1963-ல் அங்குள்ள மோனோபொலி கமிஷன் இதைப் பற்றி ஒரு அறிக்கையே போட்டது. 'இருட்டின் இளவரசன்' என்று லூகாஸைக் கேலி செய்யும் ஜோக் உலகம் பூராவும் பிரசித்தம். டிஸ்ட்ரிபூட்டரைப் பொறுத்தவரை அந்தக் கேலி நியாயமில்லை என்பது என் கட்சி. ஐம்பது வருஷம் எண்ணெய் காணாமல் ஓடிய புஷ் தேய்ந்தால் அதற்கு லூகாஸ் என்ன பண்ணும்?

அம்பாசிடர் பிரிட்டிஷ் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் மூன்றாம் சீரீஸ் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. வங்காளத்தில் உத்தரப்பாராவில் தயாரானது. எங்கள் வண்டியின் டிஸ்ட்ரிபூட்டரைத் துடைத்துப் பார்த்தால் அதில் இருந்த பெயர் லூகாஸ்-டிவிஎஸ். அதாவது வண்டி வங்காளம், அதற்குப் பொறி போட்டது மெட்ராஸ், பாடி. சென்னையில் பஸ் ஏறுகிறவர்களுக்கு 'லூகாஸ்' என்பது ஒரு ஸ்டாப்பின் பெயர். இறங்குகிறவர்களில் எத்தனை பேர் அந்த எண்ணெய் வண்டிக்காரரை நினைப்பார்கள் என்று தெரியவில்லை.

இதில் நம்ம டெல்டாவுக்கும் ஒரு பங்கு உண்டு. டிவிஎஸ் என்ற மூன்றெழுத்துக்குச் சொந்தக்காரரான டி.வி. சுந்தரம் ஐயங்கார் திருக்குறுங்குடிக்காரர். அவர் 1910களின் தொடக்கத்தில் பஸ் விட்ட தடம் தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டை. அந்தக் காலத்தில் பஸ் ஓட்டுவது என்றால் பாதி வேலை சாமான் தேடுவதுதான். உடைந்த துண்டுக்கு மாற்று கப்பலில் வர வேண்டும். வருகிறவரை வண்டி நிற்கும், வண்டி நின்றால் வசூல் நிற்கும். பிறகு மதுரையில் கம்பெனி, ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கு ஏஜென்சி, இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் கிடைக்காதபோது கரி வாயுவில் பஸ் ஓட்ட கேஸ் பிளாண்ட் என்று போனது. எல்லாமே 'வண்டி நிற்கக்கூடாது' என்ற ஒரே தொழில்தான், என் பார்வையில்.

சுதந்திரத்துக்குப் பிறகு கணக்கு மாறியது. 1953-ல் டாரிஃப் கமிஷன், இந்தியாவில் சாமான் தயாரிக்கத் திட்டம் இல்லாமல் வெறுமனே பெட்டி பிரித்துப் பூட்டுகிற கம்பெனிகள் இங்கே தொடர வேண்டாம் என்றது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் கடையைக் கட்டின. 1957-ல் அந்நியச் செலாவணி நெருக்கடி வேறு சேர்ந்துகொள்ள, இறக்குமதிக்குப் பூட்டு விழுந்தது. ஏஜென்சி வைத்து விற்றுக்கொண்டிருந்தவர்கள் தயாரிப்பாளர்களாக மாற வேண்டிய நிலை. சுந்தரம் ஐயங்கார் 1955-லேயே காலமாகிவிட்டார். அவர் பிள்ளைகள் காலத்தில்தான் பாடியில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொழிற்சாலைகள் வந்தன: சக்கரத்துக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, 1961-ல் லூகாஸோடு கூட்டு சேர்ந்து கரண்ட் சாமானுக்கு ஒன்று.

ஆக, நாம் 'ஒரிஜினல்' என்று பூஜிக்கிற லூகாஸ்-டிவிஎஸ் டிஸ்ட்ரிபூட்டரே பர்மிங்காம் வரைபடத்தை வைத்து மெட்ராஸில் செய்தது. முறையாக அனுமதி வாங்கிச் செய்த நகல் என்று சொன்னால் யாரும் கோபிக்கக்கூடாது. அதை நல்ல சாமான் ஆக்கியது பிறந்த ஊர் இல்லை. உலோகம், அளவு, சோதனை இந்த மூன்றும்தான். இது தெரிந்ததும் எனக்குள் இருந்த பாதி பயம் போய்விட்டது. 'காப்பி' என்பதற்காக ஒன்றை ஒதுக்கத் தேவையில்லை, எதை விட்டுவிட்டுக் காப்பி அடித்திருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

புதுப்பேட்டைக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கும் இரண்டு தடவை போய் வந்தேன். கடைகளில் ஒரு மொழி இருக்கிறது. 'கம்பெனி' என்றால் பெயர் போட்ட டப்பாவில் வந்தது. 'லோக்கல்' என்றால் எங்கே செய்தது என்று கேட்கக்கூடாதது. 'டெல்லி சாமான்' என்று ஒரு இழுப்போடு சொன்னால் விலை மட்டும்தான் நன்றாக இருக்கும் என்று அர்த்தம். 'செகண்ட்ஸ்' என்றால் ஏதோ ஒரு செத்த வண்டியிலிருந்து கழற்றியது. முதல் பயணத்தில் நான் வாங்கி வந்தது மினுமினுவென்று புதிதாக இருந்த ஒரு லோக்கல். பார்க்க நம்முடையதைவிட அழகு. கடை பெயர் வேண்டாம். நூறு கிலோமீட்டர்கூட ஓடவில்லை, ரோட்டர் போய்விட்டது. கறுப்பு பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு கரண்ட் ஷாஃப்ட்டுக்கே இறங்கியிருந்தது.

அதை பாய் எனக்குச் செய்து காட்டினார். காயில் வயரைக் கேப்பிலிருந்து உருவி, ரோட்டர் தலைக்குக் கொஞ்சம் மேலே பிடித்து, பாயிண்ட்டைத் திறந்து மூடினார். நல்ல ரோட்டர் என்றால் ஒன்றும் நடக்கக்கூடாது. அங்கே நீலமாகப் பொறி பாய்ந்தது. பாய் சிரித்துவிட்டு, "பளபளப்புக்குக் காசு குடுத்துட்டு வந்திருக்கீங்க," என்றார். வெளிநாடுகளிலும் பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்கள் இதே புலம்பலைப் புலம்புகிறார்கள் என்று பிறகு படித்தேன். புதிதாக வருகிற ரோட்டரும் கண்டென்சரும்தான் அவர்களையும் நடுரோட்டில் நிறுத்துகின்றன. நல்ல ரோட்டர் என்று அடையாளம் தெரிய சிவப்பு நிறத்தில் வார்த்து விற்கிற அளவுக்குப் போயிருக்கிறது.

டிஸ்ட்ரிபூட்டர் தேடுகிறவர்கள் இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். இது கடைக்காரர்களிலேயே பல பேருக்குத் தெரியவில்லை. எஞ்சின் வேகம் ஏற ஏற, பொறி இன்னும் கொஞ்சம் முன்னாடியே விழ வேண்டும். அதற்காக டிஸ்ட்ரிபூட்டருக்குள் இரண்டு சின்ன எடைகளும் இரண்டு ஸ்பிரிங்குகளும் இருக்கின்றன. வேகத்தில் எடைகள் விரிந்து பொறியை முன்னே தள்ளும். எவ்வளவு தள்ள வேண்டும் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் வேறு. 25டி4 என்ற ஒரே உடலை லூகாஸ் எத்தனையோ கார்களுக்குக் கொடுத்தது. உள்ளே ஸ்பிரிங்கும் எடையும் மட்டும் மாறும், உடலில் அதற்கான எண் அடித்திருக்கும். அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சின், எம்ஜி கார்களில் இருந்த அதே பி சீரீஸ் குடும்பம். அதனால் எம்ஜிக்கென்று விற்கும் டிஸ்ட்ரிபூட்டர் நம் எஞ்சினில் அழகாக உட்காரும். உட்காருவதாலேயே சரி என்று ஆகிவிடாது. ஸ்போர்ட்ஸ் கார் கணக்கில் பொறி முந்தினால், அம்மாவையும் இரண்டு மூட்டை அரிசியையும் ஏற்றிக்கொண்டு பாலம் ஏறும்போது எஞ்சின் கடகடவென்று தட்டும். 'எல்லா வண்டிக்கும் பொருந்தும்' என்று எழுதிய டப்பாவை நான் அதோடு கீழே வைத்துவிட்டேன்.

இரண்டாவது பயணத்தில் செகண்ட்ஸில் ஒரு பழைய லூகாஸ்-டிவிஎஸ் உடல் கிடைத்தது. பாய் சொல்லிக் கொடுத்தபடி கடையிலேயே சோதித்தேன். ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் ஆட்டினால் அசைவு இருக்கக்கூடாது. அதில் லேசாக இருந்தது, ஆனால் எங்களுடையதைவிடப் பரவாயில்லை. ரோட்டரைச் சுழலும் திசையில் திருகிவிட்டால் தானாகத் திரும்பி வர வேண்டும், வந்தது. வேக்கம் குழாயில் வாயை வைத்து உறிஞ்சினால் உள்ளே தட்டு நகர்ந்து, மூச்சை அடக்கும்வரை அப்படியே நிற்க வேண்டும். நகர்ந்தது, நின்றது. பழைய கிரீஸ் நாக்கில் ஒட்டிய ருசி இரண்டு நாள் போகவில்லை என்பதையும் பதிவு செய்துவிடுகிறேன். உடலில் இருந்த எண் எங்கள் பழைய உடலில் இருந்ததேதான். அதற்காகவே பேரம் பேசாமல் வாங்கினேன்.

புஷ் மட்டும் மாற்ற வேண்டும். அதற்கு நாகையைவிட நல்ல இடம் எது? ஒரு காலத்தில் தென்னிந்திய ரயில்வேயின் ஒர்க்‌ஷாப்பே இங்கேதான் இருந்தது, 1928-ல் பொன்மலைக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகும் லேத் சத்தம் ஊரை விட்டுப் போகவில்லை. இப்போது அக்கரைப்பேட்டை விசைப்படகுகள்தான் பட்டறைகளுக்குச் சோறு போடுகின்றன. படகுக்கு வெண்கல புஷ் கடைகிறவருக்கு இந்தச் சுண்டுவிரல் தண்டி புஷ் விளையாட்டு. அரை மணி நேரம். "எண்ணெயில ஊறப் போட்டுட்டு மாட்டுங்க" என்று அவர் சொன்னார். லூகாஸ் புத்தகத்திலும் அதுதான் இருக்கிறது, புது புஷ்ஷை ஒரு நாள் பூரா எஞ்சின் ஆயிலில் ஊறவைக்கச் சொல்லி.

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். அம்மா சொன்னது உண்மை இல்லை. அப்பா காலத்தில் வண்டி நின்றிருக்கிறது. எனக்கு நினைவு தெரிந்தே வேளாங்கண்ணி போகும் வழியில், கீழ்வேளூர் கேட்டில், ஒரு தடவை கல்யாணப் பெண்ணோடு. நின்றால் அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குவார். பானட்டைத் தூக்கி, கேப்பின் இரண்டு கிளிப்பையும் தட்டி, தோளில் கிடக்கும் துண்டால் உள்ளே துடைப்பார். பாயிண்ட்டை உப்புத்தாளால் ஒரு இழுப்பு, உப்புத்தாள் இல்லாவிட்டால் தீப்பெட்டியின் உரசும் பக்கம். ஃபில்லர் கேஜுக்குப் பதில் சிகரெட் பெட்டி அட்டை. பத்து நிமிஷத்தில் வண்டி கிளம்பிவிடும். பின்சீட்டில் இருந்தவர்களுக்கு அது நின்றதாகவே நினைவில் இல்லை. அப்பாவின் கை கறுப்பாக இருந்தது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது.

எனக்கு அந்தக் கை இல்லை. அதனால்தான், அந்த உடலுக்குள் பாயிண்ட்டே போடுவதா, பாயிண்ட்டுக்குப் பதில் வரும் எலக்ட்ரானிக் மாட்யூல் போடுவதா என்ற கேள்வியில் மூன்று வாரம் குழம்பினேன். பாயிண்ட் வேண்டும் என்பவர்கள் சொல்வது: அது செத்தாலும் சொல்லிக்கொண்டு சாகும், ரோட்டிலேயே உயிர் கொடுக்கலாம். மாட்யூல் போனால் போனதுதான். சாவியை 'ஆன்' நிலையில் மறந்து வைத்துவிட்டு, எஞ்சின் ஓடாமல் கொஞ்ச நேரம் இருந்தாலே சில மாட்யூல்கள் வெந்துவிடும். இவ்வளவும் சரிதான். ஆனால் நம்ம ஊர்க் காற்று உப்புக் காற்று. ஒரு மாதம் வண்டியை எடுக்காமல் விட்டால் பாயிண்ட் முகத்தில் ஆடை படிந்துவிடும். 2018 கஜா புயலில் ஷெட்டின் கூரை பறந்தபோது எங்கள் எஞ்சின் மேல் பெய்தது கடல். பத்து நாள் கழித்துத் திறந்து பார்த்தால் உள்ளே பித்தளை பாகமெல்லாம் பச்சை பூத்திருந்தது. மாட்யூலில் உரசவும் கருகவும் முகமே கிடையாது.

பாய் கண்டிப்பாகப் பாயிண்ட் என்றுதான் சொல்வார் என்று நினைத்துப் போனேன். ஐம்பது வருஷமாகக் காதால் டைமிங் வைக்கிற மனுஷன். அவர் கையில் இருந்த ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எலக்ட்ரானிக் போட்டுடுங்க தம்பி. எனக்குக் கண்ணு புரை. போன மாசம் ஒருத்தருக்கு கேப்பு வெச்சேன், ரெண்டு நாள்ல திரும்பி வந்துட்டாரு. என் பசங்க ரெண்டு பேரும் ஸ்கேனர் வெச்சு வண்டி பாக்குறவங்க. நீங்க யாருகிட்ட போவீங்க?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. டீ வாங்கி வரச் சொன்னார், வாங்கி வந்தேன்.

கடைசியில் செய்தது இது. பழைய உடல், லேத்தில் கடைந்த புஷ், அதே எண்ணுக்கு உரிய ஸ்பிரிங்குகள், உள்ளே மாட்யூல். மாட்யூல் வாங்குமுன் வண்டி பாசிட்டிவ் எர்த்தா நெகட்டிவ் எர்த்தா என்று பார்த்துக்கொள்ளுங்கள், பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் இது மாறும், தப்பாகக் கொடுத்தால் மாட்யூல் அந்த நொடியே காலி. கேப்பும் ரோட்டரும் கம்பெனி டப்பாவில் வந்தது, ரோட்டரை மட்டும் பாய் மறுபடி பொறி விட்டுச் சோதித்தார். எங்கள் பழைய பாயிண்ட்டையும் கண்டென்சரையும் அதன் தட்டோடு அப்படியே கழற்றி, கிரீஸ் தடவி, பிஸ்கட் டின் ஒன்றில் போட்டு டிக்கியில் வைத்திருக்கிறேன். மாட்யூல் எங்காவது காலை வாரினால் அந்தத் தட்டை மாற்றிப் போட வேண்டும். இரண்டு ஸ்குரூ, ஒரு வயர். பாய் என்னை மூன்று தடவை கழற்றிப் பூட்ட வைத்தார். முதல் தடவை நாற்பது நிமிஷம் ஆனது, மூன்றாவது தடவை பதினெட்டு. "உங்க அத்தா பத்துல முடிப்பாரு" என்றார்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் அம்மாவை மறுபடி திருவாரூருக்குக் கூட்டிப் போனேன். திரும்பும்போது சிக்கல் தாண்டும்வரை அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே வந்தார். புத்தூர் ரவுண்டானா வந்ததும் விட்டுவிட்டார். இறங்கும்போது, டிக்கியில் என்னடா டின் உருளுது என்று கேட்டார். அடுத்த தடவை அதற்குக் கீழே ஒரு துணி வைக்க வேண்டும்.